வலுவான குரல் என்றால் என்ன? விட்னி ஹியூஸ்டனின் பாட்டு வழியே ஓர் அறிமுகம்

அமெரிக்க பாப் இசையைப் பற்றிய பேச்சில் "வலுவான குரல்" என்ற பாராட்டு அடிக்கடி வரும். அதை ஒட்டியே பெரும்பாலும் வரும் பெயர் விட்னி ஹியூஸ்டன். 1963 ஆகஸ்ட் 9 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில் பிறந்து, 2012 பிப்ரவரி 11 அன்று தமது 48ஆம் வயதில் மறைந்த இவரை, வேறு அடைமொழி எதுவும் தேவையில்லை என்பதுபோல, "தி வாய்ஸ்" என்றே அமெரிக்கர்கள் அழைத்தார்கள். ஆனால் அந்த வலிமை எதில் இருந்தது என்று கேட்டால், உச்சத்துக்குப் போவார், நீளமாக இழுப்பார் என்பதற்கு மேல் விடை கிடைப்பது அரிது. உச்சத்துக்குப் போகிறவர்களும் நீளமாக இழுக்கிறவர்களும் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பாட்டு ஐந்தாவது நிமிடம் நினைவில் நிற்பதில்லை. எனவே, மேற்கத்திய இசைப் பயிற்சி இல்லாத வாசகருக்கும் புரியும் வகையில், குரலின் வலிமை என்பது எப்படி உண்டாகிறது, விட்னி அதை எங்கே கற்றார், எப்படிப் பயன்படுத்தினார், எப்படி இழந்தார் என்பவற்றை அவருடைய பாட்டுகளைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

தொண்டையில் நடப்பது

நுரையீரலிலிருந்து மேலே வரும் மூச்சு, குரல்வளையில் உள்ள இரண்டு குரல்நாண்களை அதிரச் செய்கிறது. பியானோவின் நடுப்பகுதியில் உள்ள "சி" என்ற சுரத்தைப் பாடும்போது அவை நொடிக்கு ஏறத்தாழ 262 முறையும், வாத்தியங்களைச் சுருதி சேர்க்கப் பயன்படும் "ஏ" சுரத்தைப் பாடும்போது 440 முறையும் திறந்து மூடுகின்றன. தாழ்ந்த சுரங்களில் நாண்கள் குறுகித் தடித்து, நன்றாக அழுந்தி மூடுவதால் ஒலி திண்மையாக இருக்கிறது. நாம் சாதாரணமாகப் பேசுவதும் இப்படித்தான். இதை நெஞ்சுக்குரல் என்பர். மேலே போகப் போக நாண்கள் நீண்டு மெலிகின்றன, விளிம்புகள் மட்டுமே தொட்டு விலகுகின்றன, ஒலி மென்மையாகவும் காற்றோட்டமாகவும் மாறுகிறது. இது தலைக்குரல். நெஞ்சிலும் தலையிலும் பாடகர் உணரும் அதிர்வை வைத்து ஏற்பட்ட பெயர்களே இவை. ஒலி பிறக்கும் இடம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே, பயிற்சி இல்லாதவரின் குரல் சட்டென்று உடையும் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கடந்த பிறகும் நெஞ்சுக்குரலின் திண்மை குறையாமல் மேல் சுரங்களைப் பாடுவதற்குப் பெல்டிங் என்று பெயர். கேட்பவருக்கு அது கூப்பிடும் குரல்போல, அவசரமும் ஆவேசமும் நிறைந்ததாகத் தோன்றும். தலைக்குரலில் அதே சுரத்தைப் பாடினால் அந்த அவசரம் இராது. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. தொண்டைத் தசைகளை இறுக்கி, மூச்சை மோதவிட்டுப் பெல்டிங் செய்கிறவரின் குரல்நாண்கள் விரைவில் வீங்கிவிடும். வயிற்றையும் விலாவையும் கொண்டு மூச்சை அளந்து விடத் தெரிந்தவருக்கே அது பல ஆண்டுகள் நிலைக்கும்.

உரப்பாகப் பாடுவதை வலிமை என்று கொள்வதில் வேறொரு சிக்கலும் உண்டு. மைக் வந்த பிறகு, ஒரு குரல் எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பதை ஒலிப்பதிவுப் பொறியாளர் ஒரு குமிழைத் திருகித் தீர்மானித்துவிடலாம். முணுமுணுக்கிற பாடகரை முழு இசைக்குழுவுக்கு மேலே நிறுத்த முடியும். ஆகவே பதிவுசெய்யப்பட்ட பாட்டில் நாம் வலிமை என்று உணர்வது, குரலின் நிறம் மாறுகிற விதத்தையும், மென்மையிலிருந்து திண்மைக்கு அது எந்த நொடியில், எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதையும்தான். விட்னியிடம் நெஞ்சுக்குரலும் தலைக்குரலும் தையல் தெரியாமல் இணைந்திருந்தன. ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வார், எங்கே மாறினார் என்று சுட்டிக் காட்டுவது கடினம்.

விளக்க வேண்டிய மற்றொரு கலைச்சொல் மெலிஸ்மா. சொல்லின் ஓர் அசையைப் பிடித்துக்கொண்டு பல சுரங்களின் வழியே ஓடுவதே அது. பாப் உலகில் "ரன்" என்பார்கள். கர்நாடக சங்கீதத்தின் பிருகாக்களைக் கேட்டுப் பழகியவருக்கு இது உடனே பிடிபடும், ஆனால் இங்கே ராக இலக்கணம் என்று ஒன்று கிடையாது. கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டிலும் புளூஸ் இசையிலும் புழங்கும் சில சுர வரிசைகளுக்குள், அந்த வேளையின் உணர்ச்சிக்கு ஏற்பப் பாடகர் தாமே கோத்துக்கொள்வதுதான் அந்த ஓட்டம்.

நியூவர்க்கின் தேவாலயம்

விட்னியின் குரலைப் பிறவி வரம் என்று சொல்லி முடித்துவிடுவது, அவருடைய தாயாருக்குச் செய்யும் அநீதி. சிஸ்ஸி ஹியூஸ்டன் தம் உடன்பிறந்தோருடன் சேர்ந்து டிரிங்கார்ட் சிங்கர்ஸ் என்ற கோஸ்பல் (கறுப்பினத் தேவாலயப் பாட்டு) குழுவில் பாடி வளர்ந்தவர். அந்தக் குழு 1957இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் மேடையேறியது. பின்னர் ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் என்ற பின்னணிக் குழுவை வழிநடத்தினார். அரீத்தா பிராங்க்ளின், எல்விஸ் பிரெஸ்லி ஆகியோரின் பின்னால் ஒலித்த குரல்கள் இவர்களுடையவை. அரீத்தா 1968இல் வெளியிட்ட "எய்ன்ட் நோ வே" பாட்டில், முதன்மைக் குரலுக்கு மேலே மிக உயரத்தில் மிதந்து செல்லும் ஒரு பெண் குரல் கேட்கும். அது சிஸ்ஸியுடையது. விட்னியின் தலைக்குரல் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர் அந்த ஒரு பாட்டைக் கேட்டால் போதும். சிஸ்ஸியின் அக்காள் மகளான டியான் வார்விக் அப்போதே புகழ்பெற்ற பாடகி. அரீத்தா குடும்பத்துக்கு மிக நெருங்கியவர். தொழில்முறைப் பாடகிகள் வந்துபோகும் வீட்டில், ஒலிப்பதிவுக்கூடத்தின் மூலையில் உட்கார்ந்து பார்த்துக் கற்ற பிள்ளை விட்னி.

1967இல் நியூவர்க் நகரில் பெரும் கலவரம் மூண்டது. அதன் பிறகு ஹியூஸ்டன் குடும்பம் அருகிலிருந்த ஈஸ்ட் ஆரஞ்ச் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சென்றது நியூவர்க்கின் நியூ ஹோப் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கே. அங்கே பாடகர் குழுவை நடத்தியவர் சிஸ்ஸி. ஏறத்தாழ 11 வயதில் விட்னி அங்குத் தனியாகப் பாடினார். தலை, நெஞ்சு, குடல் ஆகிய மூன்றிலிருந்தும் பாட்டு வர வேண்டும் என்பது சிஸ்ஸி அடிக்கடி சொல்லும் பாடம். மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் அறிவுரைபோலத் தோன்றலாம். ஆனால் தலைக்குரல், நடுக்குரல், அடிவயிற்றிலிருந்து எழும் பெல்டிங் என்ற மூன்று நிலைகளையும் ஒரு சிறுமிக்குக் கற்பிக்க இதைவிடத் தெளிவான வழி இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

கோஸ்பல் பாட்டு எப்படி நடக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முதன்மைப் பாடகர் தொடக்கத்தில் மிக எளிமையாக, ஏறக்குறைய பேசுவதுபோல ஆரம்பிப்பார். ஒரு வரிக்குச் சபை "ஆமென்" என்று பதில் தரும். அடுத்த வரிக்கு அந்தப் பதில் சற்றுக் கூடும். பின்னால் நிற்கும் குழு சேர்ந்துகொள்ளும். சபை எழுந்து நிற்கும் வரை பாடகர் தம் முழுக் குரலைத் திறக்க மாட்டார், திறந்தால் அதன் பிறகு செல்வதற்கு இடம் இராது. தனக்கு இருக்கிற குரலை எப்போது காட்டாமல் இருப்பது என்பதே அங்கே கற்றுத்தரப்படும் முதன்மையான திறன். விட்னியின் பிற்காலப் பாட்டுகள் அனைத்திலும் இந்த அடக்கமும் எழுச்சியும் அடிச்சட்டமாக இருக்கின்றன. அவரைப் பின்பற்றியவர்கள் பலர் எழுச்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பாப் உலகத்துக்குப் போன குரல்

பதின்வயதில் தாயாருக்குப் பின்னால் நின்று நியூயார்க்கின் இரவு விடுதிகளில் பாடினார். இடையே மாடலாகவும் வேலைசெய்து, 1981 நவம்பரில் "செவன்டீன்" இதழின் அட்டையில் இடம்பெற்றார். அந்த இதழின் அட்டைக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவர் அவர். அரிஸ்டா நிறுவனத்தின் தலைவர் கிளைவ் டேவிஸ், ஸ்வீட்வாட்டர்ஸ் என்ற விடுதியில் அவர் பாடுவதைக் கேட்டு 1983இல் ஒப்பந்தம் செய்தார். ஒப்பந்தமானவுடன் ஆல்பத்தை அவசரமாக வெளியிடாமல், அந்தக் குரலுக்குத் தகுந்த பாட்டுகளையும் தயாரிப்பாளர்களையும் தேடுவதிலேயே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன.

அவருடைய பெயரையே தாங்கிய முதல் ஆல்பம் 1985 பிப்ரவரி 14 அன்று வெளிவந்தது. அது உடனே உச்சத்தைத் தொடவில்லை. ஓராண்டுக்கு மேல் கழித்து, 1986 மார்ச்சில்தான், அமெரிக்காவில் எது அதிகம் விற்கிறது என்று காட்டும் பில்போர்டு இதழின் ஆல்பம் பட்டியலின் முதலிடத்துக்கு வந்து, மொத்தம் 14 வாரங்கள் அங்கே இருந்தது. 1987இல் வெளிவந்த "விட்னி" என்ற இரண்டாவது ஆல்பமோ வெளியான முதல் வாரத்திலேயே முதலிடத்தில் நுழைந்தது. ஒரு பெண் கலைஞருக்கு அமெரிக்காவில் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதல் முறை. 1985 முதல் 1988 வரை அவருடைய ஏழு சிங்கிள்கள் (தனிப்பாட்டு வெளியீடுகள்) தொடர்ச்சியாக முதலிடம் பெற்றன. பீட்டில்ஸ், பீ ஜீஸ் ஆகிய குழுக்கள் வைத்திருந்த ஆறு என்ற சாதனை இதனால் முறிந்தது.

எண்களை விட்டுவிட்டுப் பாட்டைக் கேட்டால், கிளைவ் டேவிஸ் செய்த வேலை புரியும். "ஹவ் வில் ஐ நோ" போன்ற துள்ளல் பாட்டுகளில் சின்தசைசரின் பளபளப்பும் இயந்திரத் தாளமும் முன்னே நிற்கின்றன. கோஸ்பல் அடையாளங்கள் குறைக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளையர் கேட்கும் வானொலி நிலையங்களும் எம்டிவி இசைத் தொலைக்காட்சியும் தயக்கமின்றி ஒலிபரப்பக்கூடிய ஒரு கறுப்பினப் பாடகியை உருவாக்குவதே திட்டம். அந்தப் பாட்டின் பின்னணிக் குரல்களில் சிஸ்ஸியும் இருக்கிறார் என்பதை அறிந்து கேட்டால், பளபளப்புக்கு அடியில் நியூவர்க் இன்னும் ஒலிப்பது தெரியும். ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. கறுப்பின இசைக்கென்று நடத்தப்படும் சோல் டிரெயின் விருது விழாவில், 1989இல் அவருடைய பெயர் அறிவிக்கப்பட்டபோது அவையின் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினர். தம் சொந்த மக்கள் நடுவே, தேவாலயத்தில் வளர்ந்த ஒருவருக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1990இல் வந்த மூன்றாவது ஆல்பம் ஆர் அண்ட் பி என்ற கறுப்பின இசை வகையின் பக்கம் சாய்ந்ததற்கு இந்த விமர்சனமும் ஒரு காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது.

இரண்டு பாட்டுகள், சற்று நெருக்கமாக

1991 ஜனவரி 27 அன்று ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் நடந்தது. வளைகுடாப் போர் தொடங்கி பத்து நாட்களே ஆகியிருந்தன. வெள்ளை விளையாட்டு உடையும் நெற்றிப் பட்டையுமாக வந்து நின்ற விட்னி, நாட்டுப் பண்ணான தேசிய கீதத்தைப் பாடினார். பாடகர்கள் அஞ்சும் மெட்டு அது: வீச்சு ஒன்றரை ஸ்தாயி, தொடங்கும் இடத்தைச் சற்று மேலே வைத்துவிட்டால் இறுதி வரிகளில் குரல் எட்டாது. வழக்கமாக மூன்று அட்சரக் கணக்கில் பாடப்படும் அந்தப் பண்ணை, இசை இயக்குநர் ரிக்கி மைனரும் அமைப்பாளர் ஜான் கிளேட்டனும் நான்கு அட்சரமாக மாற்றினார்கள். 1983இல் ஒரு கூடைப்பந்துப் போட்டியில் பாடகர் மார்வின் கே அதே பண்ணைத் தம் போக்கில் பாடியது அவர்களுக்கு முன்மாதிரி.

ஓர் அட்சரம் கூடுவதால் என்ன கிடைக்கிறது? மூச்சு விட இடம் கிடைக்கிறது. மூன்று அட்சர நடையில் ஒரு வரி முடிந்தவுடன் அடுத்தது வந்து இடிக்கும். நான்கில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் சிறிய வெளி பிறக்கிறது. அந்த வெளியில் கடைசிச் சொல்லை நீட்டலாம், நிறம் மாற்றலாம், அல்லது சும்மா விட்டுவிடலாம். விட்னி தொடக்க வரிகளை ஏறக்குறைய அலங்காரமே இன்றி, புன்னகையோடு, நேராகப் பாடுகிறார். சுதந்திரம் என்று பொருள்படும் "ஃப்ரீ" என்ற சொல் பாட்டின் கடைசிப் பகுதியில் வரும்போதுதான், அதுவரை சேர்த்துவைத்த அனைத்தும் திறந்துகொள்கிறது. அன்று அரங்கில் கேட்டது முன்பே பதிவுசெய்யப்பட்ட குரல் என்பது பின்னர் தெரியவந்தபோது சிலர் குறைப்பட்டார்கள். போர் விமானங்கள் மேலே பறக்க, பல்லாயிரம் பேர் ஆரவாரிக்கும் திறந்தவெளி அரங்கில் அது வழக்கமான ஏற்பாடுதான், பாடியவர் அவரேதான். சிங்கிளாக வெளியிடப்பட்ட அந்தப் பதிவு, 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் மீண்டும் வெளியாகி, பில்போர்டு பட்டியலில் ஆறாம் இடம் வரை வந்தது.

1992இல் வெளிவந்த "தி பாடிகார்ட்" படத்தில் கெவின் காஸ்ட்னருடன் நடித்தார். அதில் இடம்பெற்ற "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" பாட்டை எழுதியவர் பாடகி டாலி பார்ட்டன். தம்மை அறிமுகப்படுத்திய போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து விலகியபோது, விடைபெறும் விதமாக எழுதி 1974இல் வெளியிட்ட, "கன்ட்ரி" என்ற அமெரிக்க இசை வகைப் பாட்டு அது. எல்விஸ் அதைப் பாட விரும்பினார். ஆனால் அவருடைய மேலாளர் பதிப்புரிமையில் பாதியைக் கேட்டதால் டாலி மறுத்துவிட்டார். அன்று அழுதேன் என்று சொல்லும் டாலிக்கு, பதினெட்டு ஆண்டுகள் கழித்து அந்த மறுப்பு பெருஞ்செல்வமாகத் திரும்பி வந்தது.

விட்னியின் பதிவு நாலரை நிமிடம் ஓடுகிறது. முதல் முக்கால் நிமிடத்துக்கு நெருக்கமாக எந்த வாத்தியமும் இல்லை. வாத்தியமின்றித் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் காஸ்ட்னர்; அப்படித் தொடங்கும் பாட்டை வானொலிகள் போடா என்ற கவலை மற்றவர்களுக்கு இருந்தது. அந்தத் தொடக்கத்தை ஹெட்போனில் கேளுங்கள். குரல் மெலிந்து, மூச்சு கலந்து, ஏறக்குறைய காதருகே பேசுவதுபோல இருக்கிறது. "ஐ" என்ற ஓரசைச் சொல்லில் சிறியதொரு சுர ஓட்டம் வருகிறது, ஆனால் அது அவசரமில்லாமல், ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும்படி இறங்குகிறது. சுருதியைத் தாங்கிப் பிடிக்கக் கீழே ஒரு கிட்டார் நரம்புகூட இல்லாத நிலையில் இவ்வளவு மெதுவாகப் பாடுவது, உச்சத்தில் பாடுவதைவிடக் கடினம்; தடுமாறினால் மறைக்க எதுவும் இல்லை.

பிறகு வாத்தியங்கள் மென்மையாகச் சேர்கின்றன. இரண்டாவது பல்லவிக்குப் பின் கிர்க் வேலமின் சாக்ஸபோன் வருகிறது. அதையடுத்து மூன்றாவது சரணம், போகிறவரை வாழ்த்தும் வரிகள். தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் முதலில் எடுத்துக்கொண்டது பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டின் 1975 பதிவை. அதில் இந்தச் சரணம் இல்லை. டாலியிடம் தொலைபேசியில் பேசியபோது அவர் சொல்லித்தான் அது சேர்க்கப்பட்டது. அந்தச் சரணம் தணிந்து முடிந்து, இசை முழுவதும் நின்றுவிடுகிறது. மௌனம். ஒரே ஒரு டிரம் அடி. உடனே பாட்டு ஒரு முழுச் சுரம் மேலே ஏறி, "ஐ" என்ற அதே சொல் இப்போது முழுப் பெல்டிங்கில் எழுகிறது. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது: அந்தச் சொல்லை நீட்டும்போது அவர் வாயை அகலத் திறந்து "ஆ" என்ற ஒலியில்தான் நிற்கிறார், கடைசிக் கணத்தில்தான் "இ" பக்கம் மூடுகிறார். திறந்த உயிரொலியில் நின்றால் தொண்டை இறுகாது, ஒலியும் விரிந்து வெளிவரும்.

முதல் நிமிடத்திலேயே இந்த உரப்பைக் காட்டியிருந்தால் டிரம் அடிக்குப் பின் நடப்பதற்கு எந்த விளைவும் இருந்திராது. காரில் போகும்போது வானொலியில் இதைத் திடீரென்று கேட்ட டாலி, யாருடைய பாட்டு என்று உணர்ந்தவுடன் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று என்று பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். பில்போர்டு பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது அந்தப் பாட்டு. படத்தின் பாடல் தொகுப்பு 1994இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது.

குரல் கரைந்தபோது

1992 ஜூலையில் பாடகர் பாபி பிரவுனை மணந்தார். அடுத்த மார்ச்சில் மகள் பாபி கிறிஸ்டினா பிறந்தார். தென்னாப்பிரிக்காவில் மண்டேலா குடியரசுத் தலைவரான 1994ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டில் பாடினார். 1997இல் தாமே தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்து, கறுப்பினப் பாடகி பிராண்டியை சிண்ட்ரெல்லாவாக்கித் தொலைக்காட்சிப் படம் ஒன்றை வெளிக்கொணர்ந்தார். வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்த அந்த ஆண்டுகளிலேயே போதைப்பொருள் பழக்கம் வேரூன்றிவிட்டது. 2000இல் ஆஸ்கர் விழா நிகழ்ச்சியிலிருந்து ஒத்திகைக்குப் பின் அவர் நீக்கப்பட்டார். 2002 டிசம்பரில் டயான் சாயருடன் நடந்த தொலைக்காட்சிப் பேட்டியில் பழக்கத்தை ஒப்புக்கொண்டார். 2007இல் மணமுறிவு ஏற்பட்டது.

இந்தப் பகுதியைச் செய்தித்தாள்கள் விரிவாக எழுதித் தீர்த்துவிட்டன. நம் பொருளுக்கு வேண்டியது, குரலுக்கு என்ன நேர்ந்தது என்பது மட்டுமே. புகை குரல்நாண்களை உலர்த்தி வீங்கவைக்கும். வீங்கிய நாண்கள் கனப்பதால் குரல் தடித்துக் கீழே இறங்கும். நீண்டு மெலிய முடியாததால் தலைக்குரல் முதலில் போகும். நெஞ்சுக்குரல் ஒருவாறு எஞ்சியிருக்கும், ஆனால் இரண்டையும் இணைத்த அந்தத் தையல் பிரிந்துவிடும். 2009இல் வந்த "ஐ லுக் டு யூ" ஆல்பம் முதலிடத்தில் நுழைந்தாலும், அதைத் தொடர்ந்து 2010இல் அவர் மேற்கொண்ட உலகப் பயணத்தில் நிகழ்ந்தது இதுதான். "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" பாட்டின் அந்த மௌனத்துக்குப் பின் ரசிகர்கள் காத்திருந்தார்கள். அவர் நீர் அருந்தி, பேசி, சிரித்து, சுருதியைக் குறைத்து, அந்தச் சுரத்தைச் சுற்றிப்போக வேண்டியிருந்தது. சில நகரங்களில் ரசிகர்கள் எழுந்து சென்றனர். ஒரு பாடகி தம் முந்தைய பதிவோடு ஒவ்வோர் இரவும் போட்டியிட நேர்வதைப்போல இரக்கமற்றது வேறில்லை.

2012 பிப்ரவரி 11 அன்று, கிராமி விழாவுக்கு முந்தைய நாள், பெவர்லி ஹில்டன் விடுதியில் அவர் இறந்து கிடந்தார். குளியல் தொட்டியில் மூழ்கியதே மரணக் காரணம் என்றும், இதய நோயும் கோக்கைன் பயன்பாடும் அதற்குத் துணைபுரிந்தன என்றும் மரண விசாரணை அலுவலகம் அறிவித்தது. ஒரு வாரம் கழித்து நியூ ஹோப் தேவாலயத்தில் இறுதி ஆராதனை நடந்தது. மகள் பாபி கிறிஸ்டினா 2015இல் 22 வயதில் இறந்தார். மகளையும் பேத்தியையும் இழந்த சிஸ்ஸி 2024 அக்டோபரில் காலமானார்.

பின்னால் வந்தவர்கள்

மரையா கேரி, செலின் டியான், கிறிஸ்டினா அகிலேரா, பியான்சே, ஜெனிஃபர் ஹட்சன் என்று 1990களிலும் அதற்குப் பிறகும் வந்த பெரும் குரல்கள் எல்லாம் விட்னிக்குக் கடன்பட்டவை. 2002இல் "அமெரிக்கன் ஐடல்" தொடங்கிய பிறகு, அவருடைய பாட்டைப் பாடுவது போட்டியாளர்களுக்கு ஒரு தேர்வாகவே ஆகிவிட்டது. இங்கேதான் எனக்குச் சிறிய மனக்குறை. போட்டியில் ஒருவருக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். அந்த நேரத்துக்குள் மௌனத்துக்கும் முணுமுணுப்புக்கும் இடமில்லை. ஆகவே நேரே டிரம் அடிக்குப் பின்னுள்ள பகுதிக்குத் தாவுகிறார்கள், ஒவ்வொரு சொல்லிலும் ஒரு ரன் வைக்கிறார்கள். விட்னியின் வரிகளில் பெரும்பாலான சொற்கள் மெட்டின்படி நேராக, உச்சரிப்புத் தெளிவோடு வருகின்றன என்பதையும், ஓட்டம் வருவது எங்கோ சில இடங்களில்தான் என்பதையும் நகலெடுத்தவர்கள் கவனிக்கவில்லை. இதனால் மெலிஸ்மாவே கெட்டபெயர் எடுத்து, 2000களின் இறுதியில் பாப் பாடகர்கள் மெல்ல முணுமுணுக்கும் பாணிக்கு நகர்ந்தார்கள்.

அவருடைய "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2020இல் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமிலும் அதே ஆண்டு இடம்பெற்றார். அமெரிக்காவில் ஒரு கோடி அளவை எட்டும் ஆல்பங்களுக்கான வைரச் சான்று அவருடைய மூன்று ஆல்பங்களுக்கு உண்டு. மூன்று ஆல்பங்களுக்கு அதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவரே.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர் புகழ்பெற்ற உச்சங்களிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். முதலில், ஆல்பம் எதுவும் வராத 1983ஆம் ஆண்டில் மெர்வ் கிரிஃபின் நிகழ்ச்சியில் 19 வயதுப் பெண்ணாக அவர் பாடிய "ஹோம்" காணொலியைப் பாருங்கள். குரலின் அடிப்படை வடிவம் அப்போதே முழுமையாக இருக்கிறது. அடுத்து 1994 அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸ் விழாவில் மூன்று பாட்டுகளை இணைத்துப் பாடியது: ஒரு பாட்டின் சூட்டை அடுத்ததற்கு எப்படிக் கடத்துகிறார் என்பதை அங்கே காணலாம். 1996இல் "தி பிரீச்சர்ஸ் ஒய்ஃப்" படத்துக்காக ஜார்ஜியா மாஸ் கொயர் குழுவுடன் பதிவுசெய்த "ஐ லவ் த லார்ட்", பாப் மெருகு எதுவுமின்றி அவரை மீண்டும் தேவாலயத்துக்குள் நிறுத்துகிறது; குழுவும் தனிக்குரலும் ஒன்றையொன்று உயர்த்துவதைக் கவனித்தால் மேலே சொன்ன கோஸ்பல் நடைமுறை காதுக்கே விளங்கும். கடைசியாக, 1998 ஆல்பத்தின் "இட்ஸ் நாட் ரைட் பட் இட்ஸ் ஓகே". ஏமாற்றிய துணையிடம் பேசும் பாட்டு. குரல் அப்போது சற்றுத் தடித்துவிட்டிருந்தது, அவரும் அதை மறைக்காமல் பெரும்பகுதியைத் தாழ்ந்த சுரங்களிலேயே பாடுகிறார், மெய்யெழுத்துகளைத் தாளத்தின் மேல் அறைந்தாற்போல் வைக்கிறார். உச்சத்தை அதிகம் நாடாத இந்தப் பாட்டுக்கு 2000ஆம் ஆண்டு கிராமி விருது கிடைத்தது. அது அவர் பெற்ற ஆறாவது கிராமி, கடைசியும் அதுவே.